மாடிஃபைடு கார் காலத்த திரும்ப கட்டணுமா, முதல்ல ஒரு வருஷத்த பிடிங்க

பழைய கார் ஸ்டீரியோ ஒண்ணோட ஃபேஸ்ப்ளேட் ரொம்ப வருஷமா என் மேஜை டிராயர்ல கிடந்துச்சு. வண்டி கைமாறிப் போச்சு, ஸ்டீரியோவும் அதோடயே போச்சு, ஆனா அந்த முன்பக்கத் துண்டு மட்டும் அதோட கருப்பு பிளாஸ்டிக் டப்பாக்குள்ள பத்திரமா இருந்துச்சு. அப்போல்லாம் திருட்டு பயத்துல வண்டிய பூட்டும்போது அத கழட்டி சட்டப்பையில போட்டுக்கிட்டுதான் எங்க வேணா போவோம், யார் பாக்கெட்ல அந்த டப்பா துருத்திக்கிட்டு இருக்கோ அவன் கையில கார் இருக்குன்னு அர்த்தம். ஒரு நாள் டிராயர குடையும்போது கையில பட்டுச்சு, எடுத்து வால்யூம் குமிழ திருகி பாத்தேன், அதே கடக் கடக். அங்கேருந்து ஆரம்பிச்சதுதான் எல்லாம். ரெண்டு வருஷம் ஆச்சு, அந்தக் காலத்து வண்டி ஒண்ண முழுசா கட்டி முடிச்சுட்டேன். அதுல தெரிஞ்சுக்கிட்டத, அப்போ சின்ன வயசுல தப்பா பண்ணி இப்போ சரியா பண்ணத, அப்படியே எழுதறேன். உங்களுக்கும் அந்த ஏக்கம் இருந்தா இது உதவும்.

முதல் வேலை, ஸ்பேனர எடுக்காதீங்க. ஒரு வருஷத்த தேர்ந்தெடுங்க. "90ஸ் ஸ்டைல்", "2000 ஸ்டைல்"னு பொத்தாம்பொதுவா சொன்னா வேலைக்கு ஆகாது, ஏன்னா அந்த பத்து பதினஞ்சு வருஷத்துக்குள்ளயே மூணு தனித்தனி காலம் இருக்கு. 90கள் முன்பாதியில வண்டி தாழ்ந்து இருக்கும், வீல் நல்லா இருக்கும், மத்தபடி சுத்தமா இருக்கும், ரெண்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப்ல பிபிஎஸ் கம்பெனியோட ஆர்எஸ் வீல் போட்ட மாதிரி. 1998லேருந்து 2003 வரைக்கும் பொங்கி வழிஞ்ச காலம், பாடி கிட், பெரிய ஸ்பாய்லர், அடியில நியான், டிக்கி முழுக்க ஸ்பீக்கர். அதுக்கப்புறம் திரும்ப சுத்தமான ஸ்டைல் வந்துச்சு, அகலமான வீல், அதுமேல இழுத்து மாட்டின டயர்.

நான் பிடிச்ச வருஷம் 2002. அத ஒரு பேப்பர்ல பெருசா எழுதி ஷெட் சுவத்துல ஒட்டிட்டேன். அதுக்கப்புறம் எந்த பார்ட் வாங்கலாமா வேணாமான்னு சந்தேகம் வந்தாலும் அந்த பேப்பர பாத்தா போதும். ஒரு உதாரணம் சொல்றேன், பின்னாடி பல்பு வெளிய தெரியற கண்ணாடி மாதிரி டெயில் லைட் ஞாபகம் இருக்கா, அது 1998ல வந்த டொயோட்டா ஆல்டெஸ்ஸாவ பாத்து எல்லா வண்டிக்கும் வந்தது (சில நாடுகள்ல அதே கார் லெக்சஸ் ஐஎஸ்200, அதனால லெக்சஸ் லைட்டுன்னும் சொல்லுவாங்க). 2002 வண்டிக்கு அது இருந்தே ஆகணும். 1994 மாதிரி கட்டற வண்டியில அத மாட்டினீங்கன்னா விவரம் தெரிஞ்சவன் கண்ணுல உறுத்தும். அதே மாதிரி வோல்க் டிஇ37 வீல் 1996லதான் வந்துச்சு, 15 இஞ்சுல 6 இஞ்சு அகலத்துல ஒரு வீல் 3.7 கிலோன்னுதான் அந்தப் பேரே. உங்க வருஷம் 1994ன்னா அது வரக்கூடாது.

வருஷத்துக்கு அடுத்தது ஒரே ஒரு விதி, அத கடைசி வரைக்கும் விடாதீங்க. கண்ணுக்கு தெரியறதெல்லாம் அந்தக் காலம், கண்ணுக்கு தெரியாததெல்லாம் இந்தக் காலம். பிரேக், டயர், வயரிங், ஃபியூஸ், வெல்டிங், இதெல்லாம் இன்னைக்கு கிடைக்கற நல்லதுல நல்லதா இருக்கட்டும். அப்போ நம்மகிட்ட காசும் இல்ல விவரமும் இல்ல, அந்த ஆபத்தையும் சேர்த்து திரும்ப கொண்டுவரணும்னு ஒண்ணும் இல்லையே.

வண்டி தேடறது

வேகமான மாடல் பின்னாடி ஓடாதீங்க. அப்போ பசங்க ஓட்டினது 1.2, 1.4 லிட்டர் சின்ன வண்டிங்கதான், ஏன்னா இளவட்டத்துக்கு இன்சூரன்ஸ் கட்டுபடியாகறது அதுலதான். ஓப்பல் கோர்சா பி, பெஜோ 106, சித்ரோயன் சாக்ஸோ, ஹோண்டா சிவிக் இஜி, இகே (அஞ்சாம், ஆறாம் தலைமுறை), மூணாம் தலைமுறை கோல்ஃப், இதுங்கதான் உலகம் முழுக்க பல ஊர் பார்க்கிங்ல ராத்திரி வரிசையா நின்ன வண்டிங்க. விடெக் இன்ஜின் (ஆர்பிஎம் ஏறினா வால்வு தொறக்கற விதத்த மாத்தற ஹோண்டா டெக்னிக்) சிவிக் கிடைச்சா யோகம்தான், 1989ல வந்த அந்த பி16 இன்ஜின் டர்போ இல்லாமயே 1600 சிசியில 160 குதிரைசக்தி குடுத்துச்சு, லிட்டருக்கு நூறு. ஆனா நாங்கல்லாம் அத பத்தி பேசிக்கிட்டுதான் இருந்தோம், ஓட்டினது 75 குதிரைசக்திதான். அதனால பேஸ் மாடல் எடுத்தா வெக்கப்பட வேண்டியதில்ல, அதுதான் உண்மையான காலத்துக்கு நெருக்கம்.

இன்னொருத்தர் பாதியில விட்ட மாடிஃபைடு வண்டிய வாங்காதீங்கன்னு கண்டிப்பா சொல்லுவேன். கம்பெனி கண்டிஷன்ல, வயசானவங்க ஓட்டின, யாரும் கைவைக்காத வண்டியா பாருங்க. வெட்டி ஒட்டின வயரிங்க சரி பண்றதுக்கு, எதுவுமே இல்லாத இடத்துல புதுசா பண்றது எவ்வளவோ சுலபம். பாக்கப் போகும்போது துணி சுத்தின சின்ன காந்தம் ஒண்ணு எடுத்துக்கிட்டு போங்க, ரன்னிங் போர்டு, பின் வீல் ஆர்ச், கதவு அடிப்பக்கம் எல்லாத்துலயும் வச்சு பாருங்க, எங்க காந்தம் பிடிக்கலயோ அங்க உள்ள பட்டிதான் இருக்கு. பானெட்ட தொறந்து ஷாக் மேல்முனை உட்கார்ற இடத்த பாருங்க, டிக்கி கார்ப்பெட்ட தூக்கி ஸ்டெப்னி கிடக்கற குழிய பாருங்க, தண்ணி நின்ன தடம் இருந்தா டெயில் லைட் ரப்பர்லேருந்து இறங்குதுன்னு அர்த்தம். மேல துரு பரவால்ல. ஷாக் மவுண்ட்லயும் ரன்னிங் போர்டுலயும் துரு ஓட்டை போட்டிருந்தா, எவ்வளவு அழகா இருந்தாலும் விட்டுட்டு வந்துடுங்க.

வாங்கினதுக்கப்புறம் கழட்டற ஒவ்வொரு ஒரிஜினல் பார்ட்டையும் பேர் எழுதி எடுத்து வைங்க. அப்போ நாம தூக்கிப் போட்ட ஒரிஜினல் ஸ்டியரிங்கையும் ஸ்பிரிங்கையும் இப்போ தேடினா கிடைக்கறதே இல்ல.

வேலை வரிசை என்னன்னா, துரு, பிரேக், டைமிங் பெல்ட், கூலிங் இதெல்லாம் முதல்ல. அப்புறம் வீல், சஸ்பென்ஷன். அப்புறம் பாடி. ஆடியோ கடைசிக்கு முன்னாடி, லைட்டிங் கடைசி. நாங்க அப்போ பண்ணது நேர் தலைகீழ், முதல்ல சப்வூஃபர், கடைசில பிரேக், சில பேருக்கு பிரேக் வரைக்கும் வர்றதுக்குள்ளயே வண்டி போயிடுச்சு.

வீலும் டயரும்

வீல் வாங்கறதுக்கு முன்னாடி மூணு நம்பர் தெரிஞ்சுக்கணும், போல்ட் வட்டம் (4×100ன்னா நாலு போல்ட், 100 மிமீ வட்டத்துல), ஆஃப்செட் (வண்டியில ஒட்டி உட்கார்ற முகம் வீலோட நடுக்கோட்டுலேருந்து எவ்வளவு தள்ளி இருக்குங்கறது), நடு ஓட்டையோட விட்டம். சிவிக், கோர்சா பி, மூணாம் தலைமுறை கோல்ஃபோட சின்ன இன்ஜின் மாடல் எல்லாம் 4×100, சாக்ஸோவும் 106ம் 4×108. ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருக்கேன்னு இழுத்து மாட்டப் பாக்காதீங்க, ஸ்டட் வளைஞ்சு நட் லூஸாகும். நடு ஓட்டை சிவிக்ல 56.1 மிமீ, கோல்ஃப்ல 57.1 மிமீ. வெளில வாங்கற வீல்ல ஓட்டை பெருசா இருக்கும், நடுவுல சரியான அளவு ரிங் போட்டாதான் வீல் மையத்துல உட்காரும், இல்லேன்னா 80, 90 வேகத்துல ஸ்டியரிங் நடுங்கும், நீங்க பேலன்ஸிங்க திரும்ப திரும்ப பண்ணிக்கிட்டே இருப்பீங்க.

டயர் அளவ கணக்கு போட்டு வாங்குங்க, கஷ்டமே இல்ல. 185/60 ஆர்14ன்னா பக்கவாட்டு உயரம் 185ல 60 சதவீதம், அதாவது 111 மிமீ, மேலயும் கீழயும் சேர்த்து 222, ரிம் 14 இஞ்சு 355.6 மிமீ, மொத்தம் 577.6. அந்த வண்டிக்கு 195/50 ஆர்15 போட்டா 576, கிட்டத்தட்ட அதே. 195/45 ஆர்16 போட்டா 582, ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்ல. 205/40 ஆர்17 போட்டா 596, மூணு சதவீதம் ஏறிடுது, ஸ்பீடோமீட்டர் குறைச்சு காட்டும், தாழ்த்தின வண்டின்னா ஆர்ச்ல உரசும். 2002ல எல்லாரும் 17 இஞ்சுக்குதான் ஆசைப்பட்டோம், எனக்கும் அந்த ஆசை இன்னும் இருக்கு, ஆனா சின்ன வண்டிக்கு 16தான் கண்ணுக்கும் இடுப்புக்கும் நல்லது. 15ல வண்டி ஓட்ட சுகமா இருக்கும், போட்டோவுல கொஞ்சம் சின்னதா தெரியும், நான் 16 போட்டேன்.

டயர் பக்கவாட்டுல நாலு இலக்க நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ஆம் வருஷம் 23வது வாரம் தயாரானது. பழைய வீல் செட்டோட டயரும் சேர்ந்து வந்துச்சுன்னா, கட்டை எவ்வளவு இருந்தாலும் இத பாருங்க, பழசுன்னா மாத்திடுங்க. நட்ட டார்க் ரெஞ்ச் வச்சு அந்த வண்டி மேனுவல்ல சொன்ன அளவுக்கு இறுக்குங்க (சிவிக்ல 108 நியூட்டன் மீட்டர்), 80, 100 கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப ஒருதடவை பாத்துடுங்க.

தாழ்த்தறது

இங்க ஒரு கதை சொல்லியே ஆகணும். எனக்கு அப்போ இருபது வயசு, புது ஸ்பிரிங் வாங்க காசு இல்ல. நானும் கூட்டாளியும் சேர்ந்து முன்பக்க ஸ்பிரிங்க கழட்டி கிரைண்டர்ல ஒரு சுத்து வெட்டினோம். மாட்டி பாத்தோம், நல்லாத்தான் இருந்துச்சு. "மாப்ள இன்னும் அரை சுத்து எடுத்துருவோம்டா, பம்பர் தரைய முத்தமிடணும்"னான், எடுத்தோம். வண்டி நின்ன அழகு இருக்கே, தெருவே திரும்பி பாத்துச்சு. மூணாம் நாள் ஒரு பள்ளத்துல வலது வீல் இறங்கி ஏறுச்சு, 'டங்'குனு ஒரு சத்தம், ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுத்துச்சு. இறங்கி பாத்தா ஸ்பிரிங் அதோட தட்ட விட்டு வெளிய வந்து டயரோட உள்பக்கத்த கீறிக்கிட்டு இருந்துச்சு, டயர்ல ஒரு கொப்புளம். நாங்க போனது 30 வேகத்துல, அதான் இன்னைக்கு இத எழுதிக்கிட்டு இருக்கேன்.

ஏன் அப்படி ஆச்சுன்னா, ஸ்பிரிங்க வெட்டினா நீளம் குறையுது, ஷாக்கோட நீளம் குறையல. வீல் கீழ தொங்கும்போது ஷாக் முழுசா விரியும், வெட்டின ஸ்பிரிங்குக்கு அவ்வளவு நீளம் எட்டாது, அப்போ அது லூஸாகி இடம் மாறிடும். இன்னொண்ணு, சுத்து குறைஞ்சா ஸ்பிரிங் விறைப்பாகும், அந்த விறைப்ப ஒரிஜினல் ஷாக்கால அடக்க முடியாது, வண்டி பந்து மாதிரி குதிக்கும். அதனால வெட்டவே வெட்டாதீங்க. உங்க மாடலுக்குன்னே தயாரிச்ச லோயரிங் ஸ்பிரிங்கும் அதுக்கு ஏத்த குட்டை ஷாக்கும் சேர்ந்த செட்டா வாங்குங்க, 30லேருந்து 40 மிமீ போதும். காயில்ஓவர் (உயரத்த மாத்திக்கற மாதிரி ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா வர்ற செட்) வாங்கினா உயரத்த அடி பிராக்கெட்ட சுத்தி மாத்தற டைப்பா பாருங்க, ஸ்பிரிங்க அமுக்கி உயரம் குறைக்கற டைப்ல திரும்ப அதே லூஸ் பிரச்சனைதான். நாப்பதுக்கு மேல போனீங்கன்னா முன்பக்க ஆர்ம் மேல்நோக்கி சாய ஆரம்பிக்கும், வளைவுல வண்டி முன்னவிட அதிகமா சாயும், பாக்க ரேஸ் வண்டி, ஓட்ட படகு. முடிச்சதும் வண்டிய ரெண்டு நாள் ஓட்டி ஸ்பிரிங் உட்கார்ந்ததுக்கப்புறம் அலைன்மென்ட் பண்ணுங்க, அன்னைக்கே பண்ணா திரும்ப பண்ண வேண்டி வரும்.

சத்தமும் மூச்சும்

சைலென்சர் பத்தி சுருக்கமா சொல்றேன். வெளிய தெரியற டிப் 4 இஞ்சு இருக்கலாம், அது 2002க்கு ரொம்ப பொருத்தம். ஆனா உள்ள ஓடற பைப் டர்போ இல்லாத 1600 சிசி இன்ஜினுக்கு 2 இஞ்சு, மிஞ்சிப் போனா 2.25 இஞ்சு. அதுக்கு மேல போனா புகை வேகம் குறைஞ்சு கீழ் ஆர்பிஎம்ல இழுவை செத்துடும், சத்தம் ஏறும், வண்டி ஏறாது. நடுவுல ஒரு ரெசனேட்டர் (ரீங்காரத்த அடக்கற சின்ன டப்பா) கண்டிப்பா வைங்க, இல்லேன்னா நெடுஞ்சாலையில ஒரே ஆர்பிஎம்ல போகும்போது மண்டைக்குள்ள வண்டு குடையற மாதிரி ஒரு ரீங்காரம் வரும், அரைமணி நேரத்துல தலைவலி. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர எடுக்காதீங்க.

கோன் ஃபில்டர் கண்டிப்பா வேணும், அந்த 'ஹூம்'னு உறிஞ்சற சத்தம் இல்லாம அந்தக் காலமே இல்ல. ஆனா அத இன்ஜின் பக்கத்துல சும்மா விட்டா சூடான காத்தத்தான் இழுக்கும், காத்து 10 டிகிரி சூடானா அடர்த்தி 3 சதவீதம் போச்சு, அந்த அளவுக்கு பவரும் குறையும். நாங்க அப்போ பவர் கூடிடுச்சுன்னு நம்பினது முழுக்க சத்தத்துனாலதான். பம்பர் ஓட்டைலேருந்து ஒரு குழாய இழுத்து ஃபில்டர் முன்னாடி விடுங்க, ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல ஒரு அலுமினியத் தகட்ட தடுப்பா வைங்க. டர்போ வண்டின்னா ஆக்சிலேட்டர விடும்போது டர்போ காத்த 'ப்ஷ்ஷ்'னு வெளிய விடற டம்ப் வால்வு ஆசை வரும், ஆனா ஏர்ஃப்ளோ மீட்டர் இருக்கற வண்டியில காத்த வெளிய விட்டா, கம்ப்யூட்டர் அந்தக் காத்தும் உள்ள வந்துச்சுன்னு நினைச்சு பெட்ரோல அதிகமா ஊத்தும், கியர் மாத்தும்போது கரும்புகை. திருப்பி உள்ளயே விடற டைப்தான் அதுக்கு சரி.

பாடி கிட்

ஃபைபர் கிட் புதுசா வாங்கினாலும் பழசா வாங்கினாலும் பெயின்ட் கடைக்கு போகறதுக்கு முன்னாடி வண்டியில மாட்டி பாருங்க. எந்த கிட்டும் நேரா உட்காராது, இத எழுதி வச்சுக்கங்க. வீல் ஆர்ச் பக்கம் 5 மிமீ இடைவெளி இருக்கும், பானெட் ஓரத்துல இடிக்கும். மாஸ்கிங் டேப்ல கோடு போட்டு, வெட்டி, தேச்சு, திரும்ப மாட்டி, திரும்ப கழட்டி, எனக்கு முன் பம்பர் மட்டும் பதினோரு தடவை ஏறி இறங்குச்சு.

பழைய கிட்ல நூல் மாதிரி விரிசல் ஓடியிருந்தா மேல பட்டி போட்டு மூடாதீங்க, ரெண்டே மாசத்துல திரும்ப தெரியும். விரிசல் முடியற நுனியில 3 மிமீ ஓட்டை ஒண்ணு போடுங்க, அதோட விரிசல் ஓட்டம் நிக்கும். அப்புறம் பின்பக்கத்த நல்லா தேச்சு, ரெண்டு பக்கமும் 5 செமீ வரைக்கும் சரிவா எடுத்து, 450 கிராம் ஃபைபர் மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) ரெண்டு அடுக்கு ரெசின்ல நனைச்சு ஒட்டுங்க. ரெசின் 100 கிராமுக்கு ஹார்டனர் 1லேருந்து 2 கிராம்தான், வெயில் நேரத்துல ஒண்ணே போதும், அவசரத்துல அதிகமா ஊத்தினா டப்பாவே கொதிச்சு புகை வரும். தேய்க்கும்போது தூசி மாஸ்க் மட்டும் பத்தாது, ரெசின் வேலைக்கு ஆவி தடுக்கற கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போடுங்க, முழுக்கை சட்டை போடுங்க, அந்த ஃபைபர் ஊசி தோல்ல ஏறினா ராத்திரி தூக்கம் போச்சு.

கலருக்கு ஒரு வார்த்தை. பாக்கற கோணத்துக்கு ஏத்த மாதிரி பச்சைலேருந்து ஊதாவுக்கு மாறற ஃப்ளிப் பெயின்ட் ஞாபகம் இருக்கும், 1996 மஸ்டாங் கோப்ராவுல ஃபோர்டே 'மிஸ்டிக்'னு அத போட்டு வித்துச்சு. அழகுதான், ஆனா ஒரு கீறல் விழுந்தா அந்த பேனல மட்டும் அடிச்சு மேட்ச் பண்றது பெரும்பாடு. நீங்க தினமும் ஓட்டப் போறீங்கன்னா அடர் நீலமோ மஞ்சளோ போதும்.

டிக்கி

இதுக்குதான் நான் காத்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு காருக்கும் அன்னைக்கு காருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் என்னன்னு கேட்டா, டேஷ்போர்டுல இருந்த அந்த 180 மிமீக்கு 50 மிமீ செவ்வக ஓட்டைன்னுதான் சொல்லுவேன். பெரும்பாலான வண்டியிலயும், பெரும்பாலான கம்பெனி ஸ்டீரியோவுலயும் அந்த ஒரே அளவு, யார் வேணா கழட்டலாம், யார் வேணா மாட்டலாம். இன்னைக்கு அந்த இடத்துல வண்டியோட மூளையே ஸ்கிரீனா உட்கார்ந்திருக்கு, பல்ப மாத்தினாலே எரர் வருது, பம்பர்ல பட்டி போட்டா உள்ள இருக்கற ரேடாருக்கு கண்ணு மறையுது. பசங்களுக்கு ஆர்வம் இல்லாம போச்சுன்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வரும், ஆர்வம் அப்படியே இருக்கு, கைவைக்கத்தான் இடம் இல்ல.

என் டிராயர்ல இருந்த ஃபேஸ்ப்ளேட்டுக்கு பொருத்தமான அதே மாடல் ஸ்டீரியோ உடம்ப தேடி பிடிக்க ஏழு மாசம் ஆச்சு. முகம் இல்லாம யாரோ வச்சிருந்தாங்க. கொண்டுவந்து மாட்டி, இடது ஓரத்த முதல்ல கொக்கியில நுழைச்சு வலது பக்கத்த அழுத்தினேன், 'டிக்'னு உட்கார்ந்து பச்சை லைட் எரிஞ்சுச்சு. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இப்போ வயரிங். பேட்டரிலேருந்து வர்ற மெயின் வயர்ல, பேட்டரிக்கு 45 செமீக்குள்ள ஃபியூஸ் இருக்கணும். இந்த ஃபியூஸ் ஆம்ப்ப (ஆம்ப்ளிஃபையர) காப்பாத்த இல்ல, வயர் எங்கயாவது உரசி பாடில பட்டா வண்டி பத்திக்காம இருக்க. எவ்வளவு ஃபியூஸ்னா கணக்கு இதுதான், 400 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து குடுக்கற நிஜ பவர்) ஆம்ப், ஏபி கிளாஸ் டைப்னா உள்ள போறதுல சுமார் 60 சதவீதம்தான் ஸ்பீக்கருக்கு போகும், அப்போ இழுக்கறது 667 வாட், 13.8 வோல்ட்ல வகுத்தா 48 ஆம்பியர். 60 ஆம்பியர் ஃபியூஸ், 4 கேஜ் சுத்த செம்பு வயர். செம்பு பூசின அலுமினிய வயர் சீப்பா கிடைக்கும், வாங்காதீங்க. சின்ன வண்டியோட ஆல்டர்னேட்டர் பொதுவா 60, 70 ஆம்பியர்தான், அதனால 1000 வாட் கனவ விட்டுடுங்க, 400 வாட்ட ஒழுங்கா பண்ணாலே கண்ணாடி அதிரும்.

பவர் வயர் ஒரு பக்க ரன்னிங் போர்டு வழியா, சிக்னல் வயர் அடுத்த பக்கம் வழியா. ரெண்டும் ஒண்ணா போச்சுன்னா ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல 'ஙொய்ய்'னு கேக்கும். எர்த் வயர் அரை மீட்டருக்குள்ள இருக்கட்டும், போல்ட் போடற இடத்துல பெயின்ட்ட இரும்பு பளபளக்கற வரைக்கும் தேயுங்க. அங்கதான் பாதி பேரோட பிரச்சனை.

12 இஞ்சு சப்வூஃபருக்கு மூடின பெட்டி 28 லிட்டர் வாக்குல இருந்தா நல்லா பேசும், 18 மிமீ எம்டிஎஃப் (அழுத்தின மரத்தூள் பலகை), ஓரமெல்லாம் பசை போட்டு ஸ்குரூ அடிச்சு, உள்பக்க மூலையில சிலிக்கான். காஞ்சதும் ஸ்பீக்கர மாட்டி கோன மெதுவா அமுக்கி விடுங்க, மெல்ல திரும்ப வந்தா காத்து கசியல, சட்டுனு வந்தா எங்கயோ ஓட்டை. பின்பக்க ஷெல்ஃபுல 6×9 இஞ்சு ஸ்பீக்கர் ஒரு ஜோடி இல்லாம 2002 இல்ல, அதுக்கும் எம்டிஎஃப் பலகை வெட்டி கார்ப்பெட் ஒட்டுங்க, பலகைய பாடியோட போல்ட் போட்டு இறுக்குங்க, திடீர் பிரேக்ல அது பறந்து வந்தா பின் மண்டைதான். அப்புறம் நம்பர் பிளேட். பேஸ் அடிக்கும்போதெல்லாம் 'கரகர'ங்கும், பின்னாடி ரெண்டு துண்டு ஃபோம் டேப் ஒட்டினா அடங்கும், டிக்கி கதவு உள்பக்கம் அதிர்வ அடக்கற பியூட்டைல் ஷீட் ஒட்டுங்க. ஆம்ப்ல இருக்கற கெய்ன் குமிழ் வால்யூம் குமிழ் இல்ல, ஸ்டீரியோ வால்யூம முக்கால்வாசி வச்சு, கெய்ன மெதுவா ஏத்தி, சத்தம் கரகரக்க ஆரம்பிக்கற இடத்துலேருந்து கொஞ்சம் பின்னாடி வாங்க, அத்தோட விட்டுடுங்க.

நியான்

அப்போ நிஜ கண்ணாடிக் குழாய், அதுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஒரு கல்லு பட்டா போச்சு, மழைத்தண்ணி புகுந்தாலும் போச்சு. இப்போ எல்ஈடிதான் போடணும், ஆனா புள்ளி புள்ளியா தெரியற சாதா ஸ்ட்ரிப் வேணாம், பால் நிற சிலிக்கான் குழாய்க்குள்ள வர்ற டைப் இருக்கு, அது தரையில நியான் மாதிரியே ஒரே சீரா விழும். ஒரே கலர், நீலமோ பச்சையோ. போன்ல கலர் மாத்தற ஆப் இருந்தா அது 2002 இல்ல. நிறைய ஊர்ல ரோட்டுல ஓடும்போது இத எரிய விடக்கூடாது, அதனால ஹேண்ட்பிரேக் போட்டா மட்டும் எரியற மாதிரி ரிலே வச்சுட்டேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க. சாதா ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள்ள எச்ஐடி (செனான்) பல்பு மட்டும் போட்டுடாதீங்க, எதிர வர்றவன் கண்ணு கூசும்.

உள்ளலங்காரம் வேகமா சொல்லிடறேன், வெள்ளை டயல், அலுமினிய பெடல், மோமோ ஸ்டியரிங், பக்கெட் சீட். ஏர்பேக் இருக்கற வண்டின்னா ஸ்டியரிங்ல கைவைக்காதீங்க, ஒரிஜினலே இருக்கட்டும். சீட்ட ஒரிஜினல் போல்ட் ஓட்டைலதான் மாட்டணும், கம்பெனி சீட் பெல்ட்டும் அப்படியே இருக்கணும், உள்ள ரேஸ் வண்டி மாதிரி இரும்புக் கூண்டு இல்லாம நாலு பட்டை ரேஸ் பெல்ட் போடறது ஆபத்து. மாத்தின எல்லாத்தையும் இன்சூரன்ஸ்ல சொல்லிடுங்க, போட்டோவோட, பில்லோட.

கூடற இடம்

ஷோவுக்குதான் போகணும்னு இல்ல. ஜெர்மனியில எஸ்ஸன் ஷோ 1968லேருந்து நடக்குது, டோக்கியோ ஆட்டோ சலூன் 1983லேருந்து, அதெல்லாம் திருவிழா, ஒருதடவையாவது போய் பாக்கணும்னு எனக்கும் ஆசை. ஆனா நம்ம காலம் நடந்தது காலியான பார்க்கிங்லதான். நாலே நாலு வண்டி போதும். இடத்துக்காரங்ககிட்ட முன்னாடியே கேளுங்க, வீடுங்க இல்லாத பக்கமா பாருங்க, டயர் எரிக்கறவன முதல் நாளே அனுப்பிடுங்க, அவன் ஒருத்தனாலதான் அப்போ நாங்க கூடின ஒவ்வொரு இடமும் மூடுச்சு. பானெட்ட தொறந்து வைங்க. பதினெட்டு வயசு பையன் எவனாவது தள்ளி நின்னு பாத்துக்கிட்டே இருந்தா நீங்களே கூப்பிட்டு டிரைவர் சீட்ல உட்கார வைங்க, கையில டார்ச்ச குடுத்து அடில பாக்க சொல்லுங்க. போன தடவை அப்படி ஒரு பையன் ஃபேஸ்ப்ளேட்ட பாத்துட்டு "அண்ணே இது எதுக்கு கழண்டு வருது"ன்னு கேட்டான், அவன் கையாலயே கழட்ட சொன்னேன், மாட்ட சொன்னேன், அந்த 'டிக்' கேட்டதும் திரும்ப ஒருதடவை கழட்டினான்.

கிளம்பும்போது குப்பைய பொறுக்கிட்டு, பாட்ட குறைச்சு, ஒண்ணொண்ணா மெதுவா வெளிய வாங்க. வீட்டுக்கு வந்து வண்டிய நிறுத்தினதும் ஆம்ப் லைட் அணைஞ்சிருக்கான்னு டிக்கிய தொறந்து ஒருதடவை பாருங்க, ஆம்ப்ப ஆன் பண்ற ரிமோட் வயர தப்பா குடுத்திருந்தா காலையில பேட்டரி செத்துக் கிடக்கும். ஃபேஸ்ப்ளேட்ட கழட்டி டப்பால போட்டு பாக்கெட்ல வச்சுக்கங்க.